சுற்றுகிறது, பிடிக்கவில்லை: 1984 பென்ஸ் 230 இ, உதவி தேவை

வேப்பமரத்தடி (திருவான்மியூர்):

வணக்கம். வண்டி அப்பாவுடையது. 1984 பென்ஸ் 230 இ, டபிள்யூ 123 வகை, நான்கு சிலிண்டர் பெட்ரோல், கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். சிங்கப்பூரில் வேலை முடிந்து ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஏற்றி வந்தார். அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து எட்டு மாதமாக வண்டி வாசலில் மரத்தடியில் அப்படியே நின்றது. அடுத்த மாதம் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

புது பேட்டரி போட்டாயிற்று. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் தாராளமாகச் சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. ஒரு இருமல், ஒரு புகை, எதுவும் இல்லை.

அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். பிளக் நான்கையும் அவற்றுக்குப் போகும் ஒயர்களையும் மாற்றினார். 6,400 ரூபாய். அப்போதும் பிடிக்கவில்லை. இப்போது “பெட்ரோலை நான்கு சிலிண்டருக்கும் பங்கிடும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், 85,000 ஆகும், பாதிப் பணம் முன்னால் கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

அப்பா தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் “அது முனகவில்லை, அது முனகவில்லை” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வலி மாத்திரையின் மயக்கம் என்று விட்டுவிட்டோம்.

சக்கரவியூகம்:

ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்களா? எந்த சென்சார் என்று அதுவே சொல்லிவிடும். இல்லையென்றால் என்ன விலை சொல்கிறீர்கள்? நானே எடுத்துக்கொள்கிறேன்.

புதுப்பேட்டைப் பெரியவர்:

ஸ்கேனரை எங்கே மாட்டுவது தம்பி? இந்த வண்டியில் பெட்ரோல் அளக்கும் வேலைக்குக் கணினியே கிடையாது. கே-ஜெட்ரானிக் என்பது பாஷ் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த ஏற்பாடு. கே என்றால் ஜெர்மன் மொழியில் ‘தொடர்ச்சியாக’. இன்றைய இன்ஜெக்டர் போல விட்டு விட்டுப் பீச்சாது. இன்ஜின் ஓடும் வரை நான்கு இன்ஜெக்டரும் ஓயாமல் தெளித்துக்கொண்டே இருக்கும். உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டை நகர்த்தும், தட்டு ஒரு நெம்புகோலை நகர்த்தும், நெம்புகோல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் உருளையைத் தூக்கும், அதற்குத் தக்கபடி பெட்ரோல் போகும். தராசு மாதிரி.

அம்மா, பணம் கொடுக்காதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த மெக்கானிக் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தாரா? இந்த ஏற்பாட்டில் பெட்ரோல் அழுத்தம் ஏறத்தாழ 5 பார் இருக்க வேண்டும். கேஜ் வைக்காமல் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது என்று சொல்வது, நாடி பிடிக்காமலே இருதயத்தை மாற்றச் சொல்வதற்குச் சமம்.

உங்கள் அப்பா மயக்கத்தில் பேசவில்லை. இந்த வண்டியின் பெட்ரோல் பம்ப் பின் அச்சுக்குப் பக்கத்தில், அடியில் இருக்கிறது. ஓடும்போது முனகும். காலம் முழுக்க ஓட்டியவருக்கு அந்தச் சத்தம் தெரியும். யாரையாவது ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லிவிட்டு, பின் சக்கரத்தருகே குனிந்து கேளுங்கள்.

கார்ப் காலத்து ஆள்:

எட்டு மாதம் நின்ற வண்டி என்றால் எனக்குப் பெட்ரோல் மேல்தான் சந்தேகம். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது. டாங்கைக் காலி செய்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அவசரத்துக்கு, காற்று போகும் வழியில் கொஞ்சம் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் பிளக்கில் பொறி இருக்கிறது, பெட்ரோல் இல்லை என்று பொருள்.

புதுப்பேட்டைப் பெரியவர்:

பெட்ரோல் பற்றிச் சொன்னது நியாயம். ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். இந்த இன்ஜினில் பின்வெடிப்பு, அதாவது காற்று வழியில் தீப்பற்றி வெடிப்பது, வந்தால் காற்றுத் தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் உறை கிழியும். நாற்பது வயது ரப்பர். கிழிந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், பிறகு அது வேறொரு வியாதி. பொறி இருக்கிறதா என்று தெரிய, உபரி பிளக் ஒன்றை ஒயரில் செருகி, அதன் உடல் இன்ஜின் இரும்பைத் தொடும்படி வைத்துச் சுற்றினால் போதும். கையில் பிடிக்கக் கூடாது. மின்னணு இக்னிஷன், அடி பலமாக இருக்கும்.

வேப்பமரத்தடி:

கேஜ் எதுவும் மாட்டவில்லை ஐயா. அவர் பானெட்டைத் திறந்தார், டார்ச் அடித்தார், தலையாட்டினார், அவ்வளவுதான்.

இன்று காலை பார்த்தோம். பிளக்கில் பொறி நீலமாக, சத்தத்தோடு வருகிறது. பின் சக்கரத்தருகே என் மகன் படுத்துக் கேட்டான். ஸ்டார்ட்டர் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை என்கிறான். அப்பா எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

புதுப்பேட்டைப் பெரியவர்:

ஆக, பம்ப் ஓடவில்லை. இனி அது ஏன் ஓடவில்லை என்பதுதான் கேள்வி. டிஸ்ட்ரிபியூட்டர் குற்றவாளியா என்பதே இன்னும் தெரியாது, அதற்குள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

முதலில் ஃபியூஸ் பெட்டி. இந்தக் காலத்துத் தட்டை ஃபியூஸ் இருக்காது. தோட்டா வடிவத்தில், இரு முனையும் கூராக இருக்கும். வெள்ளை 8 ஆம்ப், சிவப்பு 16 ஆம்ப். திருவான்மியூர் கடற்காற்றில் முனைகளில் வெள்ளையாக மாவு பூத்திருக்கும். ஃபியூஸ் அறுந்திருக்காது, பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் மின்சாரம் போகாது. எல்லாவற்றையும் விரலால் இருந்த இடத்திலேயே உருட்டிவிடுங்கள். முடிந்தால் ஜி.பி. ரோட்டில் ஒரு பெட்டி வாங்கி மொத்தமாக மாற்றிவிடுங்கள். செம்பு ஃபியூஸ் கிடைத்தால் அலுமினியத்தைத் தொடாதீர்கள்.

அடுத்து பம்ப் ரிலே, அதாவது பம்புக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச் பெட்டி. இந்த மாடலில் பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். உங்களுடையது வலப்பக்க ஸ்டியரிங், இடம் மாறியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மூடியில் மின்சுற்றுப் படம் அச்சிட்டிருப்பார்கள். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், 87 என்பது பம்புக்குப் போவது. கால்களுக்குப் பக்கத்தில் 7, 8 என்று வேறு எண் போட்ட ரிலேயும் உண்டு, ஆகவே படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் அந்த இரண்டு துளைகளையும் நடுவில் ஃபியூஸ் வைத்த ஒரு ஒயர்த் துண்டால் இணையுங்கள். முனகினால் பம்பின் உடல்நிலை பரவாயில்லை.

பம்ப் ஓடும்போது ஏர் கிளீனர் மூடியைத் திறந்து அந்த வட்டத் தட்டை ஒரு விரலால் மெல்ல நகர்த்துங்கள். இன்ஜெக்டர்கள் கீச்சென்று கத்தும். ஒரு விநாடிக்கு மேல் வேண்டாம், பெட்ரோல் உள்ளே தேங்கிவிடும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. தீயணைப்பான் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரத்தடி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மழை.

ஃபியூஸ்கள் நீங்கள் சொன்னபடியேதான். ஒன்றை உருட்டியபோது விரலில் திருநீறு மாதிரி ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் மாற்றினோம். பம்ப் ஓடவில்லை.

கிளவ் பாக்ஸைக் கழற்றியதும் ரிலே தெரிந்தது. படத்தைப் பார்த்து ஒயர்த் துண்டை இணைத்தேன். முனகல்! தாழ்வாரத்திலிருந்து அப்பா கையைத் தூக்கினார். தட்டைத் தொட்டதும் நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து கத்தின. தட்டை விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்று சுற்றியது, கொஞ்சம் தும்மியது, பிடித்துவிட்டது. எட்டு மாதத்துப் பழைய பெட்ரோலிலேயே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகையாலும் இருக்கலாம்.

இப்போது ஒரு கேள்வி. ரிலே இல்லாமல் இந்த ஒயரோடே ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை ஓட்டிப் போகலாமா?

மின்பொறி:

கூடாது, மேடம். அந்த ரிலே அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இன்ஜின் சுழல்கிறதா என்பதை இக்னிஷன் துடிப்புகளைக் கேட்டுத்தான் அது தெரிந்துகொள்கிறது. துடிப்பு நின்றால் பம்பை நிறுத்திவிடும். எங்காவது மோதி இன்ஜின் நின்று, பெட்ரோல் குழாயும் அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒயர்த் துண்டுக்கு அந்த அறிவு இல்லை. சாவி இருக்கும் வரை, சில இணைப்பில் சாவி எடுத்த பிறகும், 5 பார் அழுத்தத்தில் பீச்சிக்கொண்டே இருக்கும்.

ரிலேயின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கால்கள் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு சேரும் இடத்தில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல வட்ட விரிசல் இருந்தால் மீண்டும் ஈயம் வைத்தால் சரியாகிவிடும். ரிச்சி தெருவில் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

வேப்பமரத்தடி:

மகன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். இரண்டு கால்களில் விரிசல் இருந்தது. ஈயம் வைத்து மாட்டினோம். ஆனால் மறுபடியும் அதே கதை: சுற்றுகிறது, முனகல் இல்லை. புது ரிலே வாங்க வேண்டுமா? புதுப்பேட்டையில் ஒருவர் பழையது இருக்கிறது, 4,500 என்கிறார்.

மின்பொறி:

பொறுங்கள். வாங்காதீர்கள். நீங்கள் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் லேசாகவாவது துடிக்கிறதா?

வேப்பமரத்தடி:

இந்த வண்டியில் ஆர்.பி.எம். மீட்டரே இல்லை. அந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. அதுவும் நாலேகாலில் நிற்கிறது.

மின்பொறி:

அப்படியானால் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பொறி வருகிறது, ஆகவே இக்னிஷன் பெட்டி வேலை செய்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து ரிலேக்குத் துடிப்பைச் சொல்ல ஒரு தனி ஒயர் போகிறது, படத்தில் ‘டி.டி.’ என்று இருக்கும். பெட்டி பேசுகிறது, ரிலேக்குக் கேட்கவில்லை என்பது என் ஊகம். முள் வைத்த பழைய மீட்டர் கிடைத்தால் நல்லது. துடிப்பை எண் மீட்டரைவிட அது நன்றாகக் காட்டும். ஒருவர் சுற்ற, மற்றவர் முதலில் இன்ஜின் பக்க டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் டி.டி. காலைப் பாருங்கள், பிறகு ரிலே சாக்கெட்டில் அதே டி.டி. துளையைப் பாருங்கள். ஒரு முனையில் இருந்து மறுமுனையில் இல்லையென்றால், நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது.

கார்ப் காலத்து ஆள்:

எலியையும் மறந்துவிடாதீர்கள். என் வண்டியில் ஒரே இரவில் மூன்று ஒயரைத் தின்றது.

வேப்பமரத்தடி:

எலி இல்லை. வேப்பம்பூ.

மின்பொறி சார் சொன்னபடியே. அப்பாவின் பழைய முள் மீட்டர் அலமாரியில் இருந்தது. இன்ஜின் பக்கம் முள் துடித்தது. ரிலே பக்கம் செத்துக் கிடந்தது. ஒயரைத் தடவிக்கொண்டே போனோம். டேஷ்போர்டின் ஓரத்தில் அது ஒரு இணைப்பானுக்குள் போய் வெளியே வருகிறது. கழற்றியதும் ஒரு கால் முழுக்கப் பச்சைக் களிம்பு, கோவில் செப்புக் குடத்தை ஒரு வருடம் தேய்க்காமல் விட்டது மாதிரி. தொட்டதும் பொடிந்தது. மேலே பார்த்தால், முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளை வேப்பம்பூவும் இலையும் அடைத்து மண்ணாகவே ஆகிவிட்டது. எட்டு மாத மழையும் அங்கே தேங்கி, உள்ளே சொட்டியிருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் இன்னும் ஈரம்.

இணைப்பானை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முனை போட்டு ஈயம் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய் மாட்டினோம். செலவு 40 ரூபாய். ரிலேயை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். பிடித்தது. சாவியை எடுத்தால் முனகலும் நிற்கிறது.

புதுப்பேட்டைப் பெரியவர்:

நல்லது அம்மா. அந்த வடிகால் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்தருகே கீழே வந்து விழ வேண்டும். டாங்கில் இருக்கும் பெட்ரோலை இறக்கிவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். எட்டு மாதச் சேறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போனால் அந்த 85,000 உண்மையாகிவிடும்.

சக்கரவியூகம்:

விற்கும் எண்ணம் வந்தால் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:

அப்பா பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், இறங்க மாட்டேன் என்கிறார். பெசன்ட் நகர் வரை ஒரு சுற்று போய் வருகிறோம். ஃபில்டர் நாளைக்கு.