சக்கர நாற்காலியில் சாட்சி சொல்ல வருபவருக்காக நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்?

கேள்வி

பாகப்பிரிவினை வழக்கொன்றில் என் தாயார் இரண்டாம் பிரதிவாதி. பக்கவாதத்திற்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். இடது காது கேட்காது, வலது காதில் கருவி பொருத்தியிருக்கிறார். உரிமையியல் நீதிமன்றமோ மாடியில் இருக்கிறது, மின்தூக்கியும் இல்லை. சென்ற வாய்தாவின்போது நாற்காலியோடு தூக்கிச் செல்வதாக இரண்டு பேர் முன்வந்தார்கள். அம்மா மறுத்துவிட்டார், மறுத்தது சரி என்றே நானும் நினைக்கிறேன். அடுத்த மாதம் அவருடைய சாட்சியம். அன்றைக்கு நீதிபதியிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் வக்கீல். அதை நம்பி இருக்கலாமா? எழுத்தில் கேட்பதென்றால் யாரிடம் கேட்பது, எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

மறுமொழி 1

உரிமையியல் வழக்குகளில் நெடுநாள் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாய்மொழியாகச் சொன்னது வழக்குக் கோப்பில் ஏறாது. அன்றைக்குக் கோரிக்கை ஏற்கப்படாவிட்டால், சாட்சி ஆஜராகவில்லை என்ற ஒரு வரி மட்டும்தான் பதிவில் நிற்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 12ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பாகுபாடின்றி நீதிமன்றங்களை அணுகுவதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மேல் வைக்கிறது. அவர்கள் விரும்பும் மொழியிலும் தொடர்புமுறையிலும் சாட்சியத்தைப் பதிவுசெய்வதற்கான வசதிகளையும் அதே பிரிவு குறிப்பிடுகிறது. ஆனால் பிரிவு எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் வேலை நடக்காது. உங்கள் கோரிக்கையில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. கட்டடம், அறை, சாய்தளம் ஆகியவை நிர்வாகத்தைச் சேர்ந்தவை. அதற்கான கடிதம் முதன்மை மாவட்ட நீதிபதிக்குப் போக வேண்டும். சாட்சியத்தை எங்கே, எப்படிப் பதிவுசெய்வது என்பதை வழக்கை விசாரிக்கும் நீதிபதிதான் முடிவுசெய்வார். அதற்கு இடைநிலை மனுவும் (வழக்கு நடக்கும்போதே போடும் மனு) பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்து, எதிர்த்தரப்புக்கு நகல் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் கட்டளை, 4ஆம் விதிப்படி முதல் விசாரணை, அதாவது சாட்சி தன் தரப்புக்காகச் சொல்வது, பிரமாணப் பத்திரமாகவே தாக்கலாகிறது. ஆகவே உங்கள் தாயார் பெரும்பாலும் குறுக்கு விசாரணைக்காகத்தான் அமர வேண்டியிருக்கும். உடல்நலமின்மையால் வர இயலாதவரை நீதிமன்றத்துக்காகச் சாட்சியத்தைப் பதிவுசெய்யும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து வீட்டிலேயே விசாரிக்க 26ஆம் கட்டளை, 1ஆம் விதி இடமளிக்கிறது. பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழை, அவரைச் சாட்சியாக அழைக்காமலேயே நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் அந்த விதியின் விளக்கம் சொல்கிறது.

மறுமொழி 2

ஆணையர் வழி எளிதாகத் தோன்றினாலும் நான் அதை இரண்டாவதாகவே வைப்பேன். ஒரு கேள்விக்கு ஆட்சேபம் எழுந்தால் ஆணையர் அதைக் குறித்துக்கொள்ளத்தான் முடியும். வாதத்தின்போதுதான் நீதிமன்றம் முடிவுசெய்யும். கேட்கக் கூடாத கேள்விகளை அங்கேயே தடுக்க ஆளில்லாததால் குறுக்கு விசாரணை நீண்டுகொண்டே போகும், வயதானவர் களைத்துப்போவார். தரைத்தளத்தில் ஓர் அறையில் நீதிபதி முன்னிலையிலேயே விசாரிக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாகவும், காணொலி வழி விசாரணையையும் ஆணையரையும் மாற்று வழிகளாகவும் ஒரே மனுவில் கேளுங்கள்.

மறுமொழி 3

காது விஷயத்தை எல்லோரும் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கும் செவித்திறன் குறைவு. ஒருமுறை சாட்சி சொன்னபோது, சரியாகக் கேட்காத ஒரு கேள்விக்குத் தயங்கித் தலையசைத்தேன், அது "ஆம்" என்று பதிவாகிவிட்டது. படியேற முடியாததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். காது கேட்காததைப் புரியாமை என்றோ மழுப்பல் என்றோதான் எடுத்துக்கொள்வார்கள்.

எனவே மனுவில் நோயின் வரலாற்றைச் சுருக்கி, தேவையை விரித்து எழுதுங்கள். கேள்வி கேட்பவர் சாட்சியின் வலப்பக்கம், முகம் தெரியும்படி நிற்க வேண்டும். தேவைப்பட்டால் கேள்வியை எழுதிக் காட்ட வேண்டும். மின்விசிறி இரைச்சல் இல்லாத இடம் வேண்டும். அரைமணி நேரத்திற்கொரு இடைவேளை வேண்டும். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இவற்றில் எதற்கும் செலவில்லை என்பதால் மறுப்பதும் கடினம். பாரதிய சாட்சிய சட்டம், 2023இன் 125ஆம் பிரிவை யாராவது எழுதச் சொன்னால் வேண்டாம். அது பேச இயலாத சாட்சிகளுக்கானது.

கேட்டவர்

இடப்பக்கம் நின்று கேட்டால் அம்மாவுக்குப் பாதிதான் விழும் என்பது வீட்டில் எங்களுக்கு அன்றாடம் தெரிந்த விஷயம். அதை மனுவில் எழுதலாம் என்று தோன்றவேயில்லை. வக்கீல் மனுப் போடத் தயங்கினால் என்ன செய்வது?

மறுமொழி 1

முதலில் தேவைகளை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்; பெரும்பாலும் அந்தத் தாளே மனுவாகிவிடும். அப்போதும் தயங்கினால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் மருத்துவச் சான்றிதழையும் மனுவோடு இணைத்து, வாய்தாவுக்கு முந்தைய நாள் வரை காத்திராமல் இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள்; எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்யவே சில நாட்கள் கேட்கும்.