பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வில் இன்னும் மனத்தை விட்டு அகலாத கணம் எது?

நெல்லைக்காரன்:
2009 செய்முறைத் தேர்வில் எனக்கு நிறமாலைமானி, அதாவது முப்பட்டகக் கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கும் கருவி, வந்தது. முப்பட்டகக் கோணம் 60 டிகிரி என்று எடுத்து முடித்துவிட்டுச் சிறுமத் திசைமாற்றக் கோணத்துக்கு, அதாவது ஒளி மிகக் குறைவாக வளையும் கோணத்துக்கு, வந்திருந்தேன். மேடையை ஒரே திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால், சோடியம் விளக்கின் மஞ்சள் பிம்பம் நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்று, பிறகு வந்த வழியே திரும்பிப் போகும் அல்லவா, அதை நான் ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரு கருவியைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்ற ஆய்வகம் எங்களுடையது. ஆகவே 40 டிகிரி என்று எழுதினால் ஒளிவிலகல் எண் 1.53 வரும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தேன். அன்று அந்தப் பிம்பம் என் கண்முன்னே நின்றது, திரும்பியது. கோணத்தைக் காட்டும் வெர்னியர் அளவுகோல் 38 டிகிரியைச் சற்றே தாண்டிக் காட்டியது. நான் 40 என்றே எழுதினேன். புறத் தேர்வாளர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தார், என் தாளையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார். 50க்கு 50 கிடைத்தது. நான் கண்ட கோணத்துக்கு வரும் 1.51 என்பது கிரௌன் கண்ணாடிக்கு நன்றாகவே பொருந்தும் மதிப்பு என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன். கண்ணால் கண்டதை மறைத்து எழுதியது இன்றும் உறுத்துகிறது.

செஞ்சி வாசகி:
மனப்பாடம் செய்ததை நீங்கள் உங்கள் குற்றமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மார்ச்சில் எழுத்துத் தேர்வு என்றால் ஜனவரியில்தான் எங்களுக்கு ஆய்வகத்தையே திறந்தார்கள். பிள்ளைகள் வேறு என்ன செய்திருக்க முடியும்? எனக்குச் சோனாமீட்டர், அதாவது இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை வைத்து மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை அளக்கும் கருவி, வந்தது. மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பியின் நடுவே காந்தத்தை வைத்து, மேலே சிறு காகிதத் துண்டை மடித்து ஏற்றிவிட்டுக் கம்பியைத் தாங்கும் கட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். நீளம் சரியாக அமைந்த நொடியில், யாரும் தொடாமலே காகிதம் துள்ளிக் கீழே விழுந்தது. கணக்கிட்டபோது 49 ஹெர்ட்ஸ் வந்தது. எங்கள் வீட்டுக் குண்டு பல்பில் ஓடும் மின்சாரத்தை நானே அளந்துவிட்டேன் என்ற எண்ணத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஆசிரியர் அதை அடித்துவிட்டு 50 என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை, ஒரு மதிப்பெண் குறைந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
இருவரும் எழுதியதைப் படித்தேன். சோனாமீட்டரில் 49 என்பது மிக நல்ல விடை. அதைத் திருத்தச் சொன்னவர் தவறு செய்தார். ஆனால், ஆய்வகம் திறக்காததை மட்டுமே காரணமாகச் சொல்வதும் முழு உண்மையாகாது. 200 மதிப்பெண்ணில் 50 செய்முறைக்கு இருந்த காலத்திலும், 100 மதிப்பெண்ணுக்கு மாறிய பிறகும், 'சரியான விடை' எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் வழக்கத்தை ஆசிரியர்களாகிய நாங்கள்தான் வளர்த்தோம். காந்த ஊசியின் விலகலைக் கொண்டு மின்னோட்டத்தை அளக்கும் டேன்ஜென்ட் கால்வனோமீட்டரில் ஒரு மாணவிக்கு அளவீடு தாறுமாறாக வந்தபோது நானே பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதச் சொன்னேன். மேசைக்கு அடியில் அந்த ஊசியை இழுக்கும் இரும்புச் சட்டம் இருந்ததை அடுத்த ஆண்டுதான் கவனித்தேன்.

இப்போது படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். கால்வனோமீட்டரைத் தொடுவதற்கு முன் சாவிக்கொத்து, கைப்பேசி, இரும்புப் பொருள் எதுவும் அருகில் இல்லாதபடி பாருங்கள். அடித்தளத்தை மட்டம் செய்து, சுருளின் தளத்தைக் காந்தத் துருவத் தளத்துக்கு, அதாவது காந்த ஊசி தானாக நிற்கும் வடக்கு தெற்குத் திசைக்கு, கொண்டுவந்த பிறகே சுட்டுமுள்ளைச் சுழியில் நிறுத்துங்கள். விலகல் 30க்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்குமாறு மின்னோட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரிக்கு அருகில்தான் கோணத்தைப் படிப்பதில் நேரும் பிழை விடையை மிகக் குறைவாகப் பாதிக்கும். முள்ளின் இரு முனைகளையும் படியுங்கள், மின்னோட்டத்தைத் திருப்பி மீண்டும் படியுங்கள். நிறமாலைமானி வந்தால், பிம்பம் திரும்பும் இடத்தை முதலில் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுத் தொலைநோக்கியை அங்கே கொண்டுபோங்கள்.

நெல்லைத் தம்பி, இரண்டு வெர்னியரையும் படித்தீர்களா?

நெல்லைக்காரன்:
படித்தேன் ஐயா. ஒன்றில் 38 டிகிரி 12 நிமிடம், மற்றொன்றில் 38 டிகிரி 10 நிமிடம்.