லாரி பேக்கர் முறைச் சுவர்: கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்யலாம்?

வடசேரி_வாசி
நாகர்கோவில் பக்கம் 700 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். திருவனந்தபுரத்தில், செலவு குறைந்த வீடுகளுக்குப் பேர்போன கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் வளாகத்தைப் பார்த்ததிலிருந்து, பூச்சில்லாத செங்கல் சுவர்தான் வேண்டும் என்று அம்மாவுக்கும் எனக்கும் ஆசை. அதுவும் 'ராட் டிராப்' (எலிப்பொறி) கட்டு, சுவருக்குள்ளே பொந்து விட்டுக் கட்டுவது. எங்கள் கொத்தனாரோ "நடுவுல பொத்தலா விட்டா சுவர் நிக்காது தம்பி" என்று ஒரே பிடியாக நிற்கிறார். கட்டியவர்கள் சொல்லுங்களேன்.

செல்வி_சைட்
தாராளமாக நிற்கும் தம்பி. மார்த்தாண்டம் பக்கம் நான் மேற்பார்வை பார்த்த வீடுகளில் இந்தச் சுவர்தான். கல்லைப் படுக்கப் போடாமல் குத்துக்கு நிறுத்தி, இரண்டு கல்லுக்கும் நடுவே மூணு அங்குலம் இடம் விட்டு, இடையிடையே குறுக்குக் கல் போட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம். செங்கல் கால்வாசி மிச்சம், கலவையும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று மேற்குச் சுவர் வெக்கையை நன்றாகவே தடுக்கும். அஸ்திவாரம், மூலை, ஜன்னல் ஓரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம் இங்கெல்லாம் மட்டும் பொத்தல் விடாமல் கெட்டியாகக் கட்டணும்.

சதுர அடிக் கான்ட்ராக்ட்டாகவா பேசியிருக்கிறீர்கள்? அப்படியென்றால் அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. பூசி மறைக்க முடியாத சுவர், ஒவ்வொரு கல்லையும் பார்த்து வைக்கணும். வேலை மெதுவாக நகரும், நஷ்டம் அவர் தலையில். நாள் கூலிக்கு மாற்றுங்கள். சிமெண்ட், கம்பிக்குப் போகிற பணம் உள்ளூர்க் கைகளுக்குப் போகட்டும் என்பதுதான் பேக்கர் கடைசிவரை சொன்னது. 1985-ல் திருச்சூரில் தொடங்கிய, அவர் முறையில் வீடு கட்டும் காஸ்ட்ஃபோர்டு அமைப்பும் அதே வழிதான். கொத்தனார் கூலியில் கைவைத்து வீட்டை மலிவாக்குவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

கொத்தனார்_மகன்
அக்கா சொன்னது சரி. அப்பா முதலில் தயங்கினார். காம்பவுண்டு சுவரில் கொஞ்சம் கட்டிப் பார்த்த பிறகு கை பழகிவிட்டது. கலவை பரப்பும்போது நடு இடைவெளி மேல் ஒரு மரச்சட்டம் வைத்துக்கொண்டால் உள்ளே சிந்தாது. சூளைக்கு நேரில் போய் ஒரே அளவுக் கல்லாகப் பாருங்கள். கோணல் கல் வந்தால் கல் வரிசை நேராக ஓடாது.

வடசேரி_வாசி
நன்றி அக்கா, நன்றி அண்ணே. கான்ட்ராக்ட்தான் பேசினோம், நாளைக்கே அவரிடம் உட்கார்ந்து பேசுகிறேன். கீசர், ஏசி மாட்டினால் தாங்குமா?

செல்வி_சைட்
எங்கே வரும் என்று இப்போதே சுவரில் குறித்துக் கொடுங்கள். அந்த இடத்துப் பொந்தை மட்டும் கட்டும்போதே கான்கிரீட் போட்டு அடைத்துவிடலாம். வயர் பைப்பையும் அப்போதே உள்ளே இறக்கிவிடச் சொல்லுங்கள், பிறகு சுவரைக் கொத்த வேண்டியிருக்காது.