ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் 11 வருடம் டீசல் கார் ஓட்டிய அனுபவம்

அக்கா மகன் கார் எடுக்கப் போகிறான். "மாமா, டீசலா பெட்ரோலா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று போனில் கேட்டான். ஒரே வார்த்தையில் சொல்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேர்த்தால் அவனுக்கு உதவியாக இருக்கும்.

2013 தொடக்கத்தில் மாருதி எர்டிகா டீசல் கார் எடுத்தோம். வீட்டில் 7 பேர். அம்மாவுக்கு வாரம் ஒருமுறை மதுரையில் வைத்தியம். மண்டபத்திலிருந்து போய்வந்தால் 300 கிலோமீட்டர். உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 1800 தாண்டிவிடும். அப்போது டீசல் 50 ரூபாயை ஒட்டி, பெட்ரோல் 70 ரூபாய். டீசல் வண்டிக்கு ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல் கூடுதல் விலை. ஆனாலும் எரிபொருளில் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சமானது. மூன்று வருடத்துக்குள் அந்தக் கூடுதல் பணம் திரும்பிவிட்டது.

பணத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் இழுவை. பெட்ரோல் எர்டிகாவின் முழு இழுவை 130 நியூட்டன் மீட்டர், அதுவும் இஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் அலறும்போதுதான் கிடைக்கும். டீசலுக்கு 1750 சுற்றிலேயே 200. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏசி போட்டு, 7 பேரை ஏற்றிக்கொண்டு, ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஏறிப் பாருங்கள். நாலாவது கியரை மாற்றாமலே நடுப்பாலம் வந்துவிடும். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குக் குலுங்கவே குலுங்காது.

டீசல் வண்டியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது மச்சான்தான், அக்கா வீட்டுக்காரர். விசைப்படகு வைத்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டைக் கரையேற்றி இஞ்சினைப் பிரிப்பார்கள். ஒரு தடைக்காலத்தில் என் காரையும் அங்கேயே நிறுத்தச் சொன்னார். டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி, ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார். வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். மேலே டீசல் தேன் நிறத்தில் நின்றது. அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு தண்ணீர்த் துளி, பாட்டிலைச் சாய்த்த பக்கமெல்லாம் உருண்டது.

"பாத்துக்க மாப்ள. கடல்ல எங்களுக்கு எமன் இதுதான். உன் வண்டிக்கும் இதுதான்."

டீசல் இஞ்சினில் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17 மடங்குக்கு மேல் நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பீய்ச்சுகிற பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழவழப்பு கொடுப்பதும் அந்த டீசலேதான். நடுவில் தண்ணீர் போனால் இரும்பும் இரும்பும் உரசும், துருவும் பிடிக்கும். இன்ஜெக்டர் போனால் செலவு ஆயிரக்கணக்கில். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அந்தத் திருகைத் தளர்த்திப் பார்க்காமல் நான் இருந்ததில்லை. டேங்கைக் காலியாக விட்டும் வைப்பதில்லை. காலி டேங்கில்தான் நம் ஊர் ஈரக்காற்று தண்ணீராக இறங்கும்.

மானிய டீசலைக் காருக்கு ஊற்றலாமே என்று அப்போது ஒருவர் சொன்னார். மச்சானுக்கு முகம் மாறிவிட்டது. "அது கடலுக்குப் போறவனுக்குக் கொடுத்தது" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2016இல் மதுரையிலிருந்து திரும்பும்போது வழியில் ஒரு பங்க். இரவு 9 மணி இருக்கும். நான் பின்கதவைத் திறந்து அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று மூக்கில் பெட்ரோல் வாடை ஏறியது. டீசல் வாடை கனமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். இது அது இல்லை. திரும்பிப் பார்த்தால் மீட்டரில் 6 லிட்டர் ஓடியிருக்கிறது. "தம்பி, நிறுத்து!" பையன் வெலவெலத்துப் போனான். சாவியைத் திருப்பக்கூடாது என்பது மட்டும் எனக்கு நினைவு இருந்தது. திருப்பியிருந்தால் இஞ்சின் பம்புக்குள் பெட்ரோல் ஏறியிருக்கும். நாலு பேராக ஓரத்துக்குத் தள்ளினோம். அம்மாவை, தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு மெக்கானிக்கை வரவழைத்து டேங்கை முழுக்க வடிக்க நள்ளிரவு ஆகிவிட்டது. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே டேங்க் மூடியில் சிவப்புப் பெயிண்டால் 'டீசல்' என்று எழுதினேன். இப்போதும் பங்கில் இறங்கி, நாசிலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போடச் சொல்வேன்.

2019இல் அம்மா இறந்துவிட்டார்கள். மதுரை ஓட்டம் நின்றது. ஸ்டேஷன், மார்க்கெட், பள்ளிக்கூடம் என்று வண்டி ஒருநாளைக்கு 5 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். இஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம். ஓட்டம் குறைந்தாலும் ஆயில், ஃபில்டர் செலவு குறையவில்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இப்போது 10 ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. 2013இல் எங்களுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்த வண்டி, இன்றைய எங்கள் ஓட்டத்துக்குப் பொருத்தமில்லாததாக ஆகிவிட்டது.

*கீழக்கரையிலிருந்து:*

காக்கா (எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), நீங்க சொன்னது பழைய டீசல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ் 6ங்கிற புதுப் புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில இன்னொரு சங்கதி இருக்கு. புகைக்கரியைப் பிடிச்சு வைக்க சைலன்சர் வழியில ஒரு ஃபில்டர் வெச்சிருக்காங்க. வண்டி நல்லா ஓடி சூடேறினாதான் அந்தக் கரி எரியும். எங்க வாப்பா கடைக்கும் பள்ளிவாசலுக்கும் வீட்டுக்குமா ஊருக்குள்ளயே ஓட்டுனாங்க. நாலாவது மாசம் டேஷ்போர்டுல லைட்டு எரிஞ்சுது. சர்வீஸ்ல ஃபில்டரையே மாத்தணும்னு பெரிய தொகை சொன்னாங்க. மனசு கேக்கல. ஒரு பழைய மெக்கானிக், "கிழக்குக் கடற்கரைச் சாலையில ஏத்தி, கியரைக் குறைச்சு, ரெண்டாயிரம் சுத்துக்கு மேல வெச்சு அரைமணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க"ன்னாரு. ஏர்வாடி தாண்டி சாயல்குடி பக்கம் போயிட்டுத் திரும்புறதுக்குள்ள லைட்டு அணைஞ்சுது. இப்ப வாரம் ஒருநாள் அப்படி ஒரு ஓட்டம் விட்டுட்டு வர்றோம். ஊருக்குள்ள மட்டும் ஓட்டுறவங்க புது டீசல் எடுக்கவே வேணாம்.

*தங்கச்சிமடத்திலிருந்து:*

நான் ஆசிரியை. தினமும் ராமேஸ்வரம் போக வர 20 கிலோமீட்டருக்குள்தான். பெட்ரோல் எடுத்தேன், ஆறு வருடமாக ஒரு குறையும் இல்லை. நாங்கள் பயப்படுவது உப்புக்காற்றுக்குத்தான். தனுஷ்கோடி போய்வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவோம். வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் அதற்கும் குடிதண்ணீரைத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

*மண்டபத்திலிருந்து மறுபடியும்:*

இருவருக்கும் நன்றி. மருமகனிடம் ஒரு மாதம் எங்கே போகிறான், எவ்வளவு தூரம் என்று எழுதச் சொல்லியிருந்தேன். நேற்றுக் கொண்டுவந்து காட்டினான். எல்லாம் ராமநாதபுரம் டவுனுக்குள்தான், மொத்தமே 540 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டியே எடுக்கிறான். என் எர்டிகாவை விற்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டாரோடு திருச்செந்தூர் போகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவதாக மச்சான் சொல்லியிருக்கிறார்.