டோன் ரிங்: ‘நாத வளையம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கலைக்களஞ்சியக் குறிப்புக்காக, பாஞ்சோ என்ற அமெரிக்கத் தந்தி இசைக்கருவியின் உறுப்புகளுக்குச் சொல் தேடும் இந்த இழையில் டோன் ரிங்குக்குச் சுர வளையம், அதிர்வளையம், தாங்கு வளையம், வெண்கல வளையம் என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த வளையம் செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடுவோம்.

பாஞ்சோவின் உடல் ஒரு வட்டமான மரச்சட்டம். பெரும்பாலும் மேப்பிள் மரப் பட்டைகளை வளைத்து, அடுக்கி ஒட்டிச் செய்வார்கள். குறுக்களவு வழக்கமாக 11 அங்குலம். அதன் மேல்விளிம்பில் டோன் ரிங் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் தோல். தோலின் ஓரத்தை இன்னொரு வளையம் வெளிப்பக்கமாகக் கீழே இழுத்துப் பிடிக்கும்; கொக்கிகளை முடுக்க முடுக்கத் தோல் இறுகும். தந்தியைச் சுண்டினால் அதிர்வு, தந்திகளைத் தாங்கும் குதிரை வழியாகத் தோலில் இறங்கி ஓரம்வரை ஓடுகிறது. ஓரத்தில் வெறும் மரம் இருந்தால் அந்த அதிர்வில் ஒரு பங்கை மரம் வாங்கிக்கொள்ளும். கனமான உலோக வளையம் எளிதில் அசைந்து கொடுக்காது. வந்ததில் பெரும்பகுதியைத் தோலுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஒலி பளிச்சென்று எழுவதற்கும், மெல்லிய மேல்சுரங்கள் உடனே மடிந்துபோகாமல் இருப்பதற்கும் இது முக்கியமான காரணம்.

ஆகவே ‘அதிர்வளையம்’ பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது. அசையாமல் இருப்பதில்தான் இந்த வளையத்தின் பயன். கழற்றிய வளையத்தை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல நெடுநேரம் ஒலிக்கும். அதையே சட்டத்தில் பொருத்தித் தோலை இறுக்கியபின் தட்டிப் பாருங்கள். அந்த ரீங்காரம் காணாமல் போயிருக்கும். ‘சுர வளையமும்’ பொருந்தாது. தந்தியின் நீளமும் தடிமனும் முறுக்கமும் சுரத்தைத் தீர்மானிக்கின்றன. வளையத்துக்கு அதில் பங்கில்லை.

‘தாங்கு வளையம்’ என்ற பரிந்துரையை நான் மதிக்கிறேன். மேலிருந்து இழுப்பது இறுக்கு வளையம், கீழிருந்து ஏந்துவது தாங்கு வளையம் என்று ஓர் அழகான இணை கிடைக்கிறது. ஆனால் பொறியியல் தமிழில் ‘தாங்கி’ என்பது பேரிங்குக்கு நிலைத்துவிட்ட சொல். கிப்சன் நிறுவனம் 1925இல் மாஸ்டர்டோன் என்ற பாஞ்சோ வரிசையைக் கொண்டுவந்தபோது, மரச்சட்டத்தில் துளைகள் போட்டு, அவற்றில் சுருள்வில்லும் அதன்மேல் எஃகுக் குண்டும் வைத்து, அந்தக் குண்டுகளின்மேல் வளையத்தை உட்கார்த்தியிருந்தது. அந்த அமைப்பின் பெயரே பால் பேரிங் டோன் ரிங். அதைக் ‘குண்டுத் தாங்கித் தாங்கு வளையம்’ என்று யாராவது எழுதுவார்களா?

‘வெண்கல வளையம்’ கிப்சனின் பிற்கால வார்ப்பு வளையங்களுக்குச் சரி. பாஸ்டன் பாஞ்சோக்களை என்ன செய்வது? ஃபேர்பேங்க்ஸ் பெயரில் 1901இல் வந்த வைட் லேடி என்ற மாதிரியில் அலையலையாக வெட்டிய உலோகப் பட்டையின்மேல் ஒரு கம்பி வளையம் இருக்கும். வேகா நிறுவனம் 1909இல் கொண்டுவந்த டியூபஃபோனில் துளையிட்ட சதுரக் குழாயே வளையம். விலை குறைந்த பாஞ்சோக்களில் வெறும் பித்தளைக் கம்பிதான். பொருளை வைத்துப் பெயரிட்டால் இவை எல்லாம் வெளியே நிற்கும்.

நான் முன்வைப்பது ‘நாத வளையம்’. மிருதங்கமோ வீணையோ வாங்கப் போகிறவர் தட்டியும் மீட்டியும் பார்த்துவிட்டு “நாதம் நன்றாக இருக்கிறது” என்றுதான் சொல்கிறார். சுருதி வேறு, சுரம் வேறு, நாதம் வேறு என்பது நம் கேள்வி ஞானத்திலேயே இருக்கிறது. டோன் ரிங்கில் உள்ள டோன் இந்த நாதம்தான். ‘தொனி’ என்று போடலாமே என்பீர்கள். அது இன்று பேச்சின் பாவனைக்குப் போய்விட்டது, “கண்டிக்கும் தொனியில்” என்பதுபோல. ஒலி நீடித்து நிற்பதைக் குறிக்கும் ‘கார்வை வளையம்’ என்றும் யோசித்தேன். ஆனால் எல்லா வளையங்களும் கார்வையை ஒரே அளவில் கூட்டுவதில்லை.

இந்த வேறுபாடு கிப்சனின் இரண்டு வார்ப்பு வளையங்களில் நன்றாகத் தெரியும். ஒன்றில் வளையத்தின் முகடு ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி மேடாக எழுந்திருக்கும். தோல் அந்த மேட்டில் ஏறி, வெளிப்புறம் சரிந்து இறங்கும். அதனால் உண்மையில் அதிரும் தோலின் குறுக்களவு சுமார் 9.5 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. ஒலி கூர்மையாக, வெட்டியதுபோல வரும். பாஞ்சோ கலைஞர் ரால்ஃப் ஸ்டான்லியின் வாசிப்பில் கேட்கும் அந்தக் கணீர் ஒலி இந்த வகை. மற்றதில் தோல் கிட்டத்தட்ட ஓரம்வரை தட்டையாகக் கிடக்கும். உட்சுவரில் 20 துளைகள், எடை ஏறத்தாழ 3 பவுண்டு. அதிரும் பரப்பு கூடுவதால் அடிநாதம் கனத்து, கார்வையும் சற்று நீளும். இன்னொரு பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் கையிலிருந்த கிரனாடா என்ற கிப்சன் பாஞ்சோ இந்த வகைதான். தோற்கருவிகளை ஒருமுகம், இருமுகம் என்று பிரிப்பது நம் மரபு. அதைப் பின்பற்றி முதலாவதை ‘மேட்டுமுக நாத வளையம்’ என்றும் இரண்டாவதை ‘தட்டைமுக நாத வளையம்’ என்றும் சொல்லலாம். முன்னொட்டை மாற்றி மாற்றி ஒரு குடும்பத்தையே பெயரிட முடிவதால் இந்தச் சொல் எனக்கு இன்னும் பிடிக்கிறது.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன்: நாதம் முழுவதும் இந்த வளையத்தில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை இந்தப் பெயர் உண்டாக்காதா? அந்த எண்ணம் பெயருக்கு முன்பே பரவியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தட்டைமுக வளையங்களுக்குச் சேகரிப்பாளர்கள் கொட்டிக்கொடுக்கும் பணமே சாட்சி. 1920களில் நான்கு தந்தி டெனர் பாஞ்சோவே விற்பனையில் முன்னால் நின்றதால், அந்தக் காலத்து ஐந்து தந்திப் பாஞ்சோக்கள் அரிது. அதனால் பழைய டெனரின் உடலை எடுத்து அதற்கு ஐந்து தந்திக் கழுத்தைப் பூட்டிக்கொள்கிறார்கள். மரச்சட்டத்தில் வளையம் சரியாக உட்காராவிட்டால் எத்தனை பழைய உலோகமும் கைகொடுக்காது என்பதைத் தேர்ந்த கைவினைஞர்கள் அறிவார்கள். வளையம் தளர்ந்து ஆடக்கூடாது. சுத்தியலால் அடித்து இறக்கவேண்டியபடி இறுகியும் இருக்கக்கூடாது. கையால் அமுக்கினால் சுற்றிலும் சீராகப் பதிய வேண்டும். இதைக் கலைக்களஞ்சியக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அதற்காகப் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

தூய தமிழ் வேண்டும் என்ற நண்பருக்கு: ‘ஒலி வளையம்’ தவறில்லை, ஆனால் ஒலிபெருக்கியின் உறுப்போ என்று தோன்றும். நாதம் தவிலோடும் நாகசுரத்தோடும் நம்மிடம் புழங்கும் சொல். அதை விலக்க எனக்கு மனமில்லை.

மற்றவை: ரிம் மரச்சட்டம், டென்ஷன் ஹூப் இறுக்கு வளையம், பிரிட்ஜ் குதிரை. கொக்கிகளின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு மரச்சட்டத்தைச் சுற்றி நிற்கும் ஃபிளாஞ்சுக்குத்தான் நல்ல சொல் அமையவில்லை. ‘விளிம்புத் தகடு’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். குழாய் வடிவிலும் அது வருவதால் தகடு என்பது உறுத்துகிறது. இதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்.