வெள்ளம் புகுந்த பள்ளியில் முதலில் எதைச் செய்வது?

கேள்வி – பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்

வணக்கம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவான அந்த 2023 டிசம்பர் மழையில், ஏரலுக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்குள்ளும் தாமிரபரணி வெள்ளம் புகுந்துவிட்டது. இப்போது நீர் வடிந்து, வகுப்பறைகளில் கணுக்கால் அளவுக்குச் சகதி கிடக்கிறது. தலைமையாசிரியர் அறையின் பீரோவிலும் நீர் நின்றதால் பதிவேடுகள் ஊறிப்போயுள்ளன. ஊரார் உழைக்கவும், முன்னாள் மாணவர்கள் பணம் தரவும் ஆயத்தமாக உள்ளனர். ஆனால் ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் சுவர்களுக்கு வண்ணம் அடித்துப் புதிய மேசைகளை இறக்கிவிட வேண்டும் என்பதே பலருடைய விருப்பம். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடலூர்

உங்கள் தயக்கம் சரியானதே. முதலில் பதிவேடுகளைக் காப்பாற்றுங்கள். இன்று படிக்கும் பிள்ளைகளின் விவரம் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ (EMIS) என்னும் இணையதளத்தில் இருக்கும். ஆனால் அத்தளம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் படித்துச் சென்ற ஒருவர், ஓய்வூதியத்துக்கோ கடவுச்சீட்டுக்கோ பிறந்த தேதியை மெய்ப்பிக்க வந்து நிற்கும்போது, சேர்க்கை, நீக்கல் பதிவேடு ஒன்றுதான் அவருக்குச் சான்று. மேசை, நாற்காலியை அடுத்த மாதம்கூட வாங்கிக்கொள்ளலாம்.

பணத்தைத் தனிநபர் எவரும் கையில் வாங்க வேண்டாம். பெற்றோர் நான்கில் மூன்று பங்கினராக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அந்த மேலாண்மைக் குழுவிலேயே தீர்மானம் போட்டு, குழுவின் வங்கிக் கணக்கில் வரவு வையுங்கள். பெரிய தொகை தருபவர்களை, அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியே தரச் சொல்லலாம்.

பதில் 2 – ஆவணப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர், சென்னை

ஐயா சொன்னதோடு செய்முறையையும் சேர்த்துக்கொள்கிறேன். நனைந்த தாளில் இரண்டு நாள்களுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால் தாமதம் கூடாது. ஒட்டிக்கொண்ட பக்கங்களை விரலால் பிரிக்க முயலாதீர்கள். ஊறிய தாள் கூழைப் போல் கிழியும். பதிவேட்டை மூடிய நிலையிலேயே அடியில் பலகை கொடுத்துத் தூக்கி, மேற்புறச் சேற்றை மட்டும் தூய நீரால் மெல்லக் கழுவுங்கள். ஊற்றுப் பேனா மையால் எழுதிய பக்கங்கள் கரையக்கூடியவை ஆகையால் அவற்றின்மீது நீரே படக்கூடாது.

பிறகு, பிரியும் இடங்களில் மட்டும் அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிழலும் காற்றும் போதும். வெயிலில் காயப்போட்டால் தாள் சுருண்டு, மையும் வெளிறும். பதிவேடுகள் அதிகமாக இருந்து ஆள் போதாவிட்டால், ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் இட்டு உறைய வைத்துவிடுங்கள். தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்வோரிடம் உறைகுளிர்க் கிடங்குகள் உண்டு. கேட்டால் ஒரு மூலையைத் தர மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, எழுத்தும் மேலும் கரையாது. சிலவற்றை மட்டும் அவ்வப்போது வெளியே எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். எழுத்துத் தெரியும் பக்கங்களை உடனுக்குடன் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

பதில் 3 – கட்டடப் பொறியாளர், திருநெல்வேலி

வண்ணம் அடிப்பதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நீர் நின்ற செங்கல் சுவர் உலர வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் எமல்ஷன் பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சை உரித்துக்கொண்டு வெளியே வரும். நன்கொடையாளரின் பெயரெழுதிய சுவரே முதலில் உரிந்தால் யாருக்கு மகிழ்ச்சி? சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. திறப்பு நாளன்று பளிச்சென்று இருந்தே ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பு அடியுங்கள், அது ஈரம் வெளியேறுவதைத் தடுக்காது.

சகதியை இறுகுவதற்குமுன் வழித்தெடுங்கள். மூலைகளில் பாம்பு ஒதுங்கியிருக்கும் என்பதால் வெறுங்கையை விட வேண்டாம். மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதிக்கும்வரை எந்தச் சுவிட்சையும் போடக்கூடாது. கணினிகளுக்கும் இதுவே விதி.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மாலையே குழுவைக் கூட்டி, பதிவேடுகளுக்கென்று தனியாக ஆள் ஒதுக்குகிறோம். சத்துணவுக் கூடத்துக்கு நீர் தரும் கிணற்றிலும் வெள்ளம் இறங்கியிருக்கிறது. பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிவிடலாமா?

பதில் 4 – சுகாதார ஆய்வாளர்

அப்படியே கொட்டக் கூடாது. முதலில் கலங்கல் நீரை இறைத்துவிட்டுப் புது நீர் ஊற விடுங்கள். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பின்பு 785-ஆலும் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். 1000 லிட்டருக்குக் குறைந்தது 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் தேவை. அதை வாளியில் குழைத்து நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மி.கி. எஞ்சிய குளோரின் காட்டினால் போதுமானது. காட்டாவிட்டால் மீண்டும் இட வேண்டும். அக்கருவி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். மேல்நிலைத் தொட்டியையும் தேய்த்துக் கழுவிய பிறகே நீரை ஏற்றுங்கள். நனைந்த அரிசி, பருப்பு மூட்டைகளைக் காயவைத்துச் சமைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; இருப்புப் பதிவேட்டில் குறித்துவிட்டு அப்புறப்படுத்திவிடுங்கள்.