பதினாறாம் நாள் பத்திரிகையில் ஒரு வரி

திருச்சி சித்தப்பா: காரியப் பத்திரிகையை இன்றே அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அப்பாவின் பெயருக்குக் கீழே "ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்" என்று மட்டும் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. "1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவர்" என்ற வரியும் இருக்க வேண்டும்.

கரூர் அத்தை: கட்டாயம் இருக்கட்டும், தம்பி.

ஈரோட்டுப் பெரியப்பா: ஆறிய புண்ணை இப்போது ஏன் கிளற வேண்டும்?

சென்னை அண்ணன்: அந்தப் போராட்டம் தோற்றுப்போனதுதானே, சித்தப்பா?

திருச்சி சித்தப்பா: அப்படி ஒரே சொல்லில் முடித்துவிட முடியாதப்பா. உன் தாத்தா நீராவி எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன். ஷிப்டுக்குப் போனால் பதினான்கு மணி நேரம் கழித்தும் வீடு திரும்பாத நாட்கள் உண்டு. எட்டு மணி நேர வேலை, போனஸ், பொதுத்துறை நிறுவனங்களுக்கு இணையான சம்பளம், விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி என்று கேட்டுத்தான் 1974 மே 8 அன்று லட்சக்கணக்கான ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். பேச்சுவார்த்தை முடியும் முன்பே, மே 2 அன்று, ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸைக் கைது செய்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். ரயில்வே காலனிகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 20 நாட்களில், கேட்டது எதுவும் கிடைக்காமல், போராட்டம் திரும்பப் பெறப்பட்டது உண்மைதான். ஆனால் அன்று மறுத்த போனஸை 1979இல் கொடுத்தார்கள். அது தானாக வந்ததா?

கரூர் மாமா: சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்கிறார்.

கரூர் அத்தை: அதைப் பிறகு பேசுவோம்.

ஈரோட்டுப் பெரியப்பா: அந்த போனஸை நானும்தான் வாங்கினேன். வேலைநிறுத்தத்தின்போது பணிக்குப் போனவர்களை விசுவாச ஊழியர்கள் என்று சொல்லி, அவர்களின் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார்கள். நான் வேலையில் சேர்ந்ததும் அப்படித்தான். என் தங்கைகள் மூவரும் படித்துக்கொண்டிருந்ததால்தான் என் அப்பா, அதாவது உங்கள் பெரியப்பா, பணிக்குப் போனார். மறைந்த சித்தப்பாவின் பத்திரிகையில் என் பெயரும் வரப்போகிறது. உறவினர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்கள்.

கரூர் அத்தை: படிக்கட்டும், அண்ணா. அந்த மாதம் அம்மா தோட்டை அடகு வைத்த பணம் மளிகைக்கடைப் பாக்கிக்கே போய்விட்டது. பெரியம்மா இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக மஞ்சள் பையில் அரிசி கொண்டுவந்து கொடுத்ததை நான் மறக்கவில்லை. பெரியப்பாவுக்குத் தெரியாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு படி அரிசிகூட வெளியே வந்திருக்காது.

திருச்சி சித்தப்பா: இது எனக்குத் தெரியாதே, அக்கா.

கரூர் அத்தை: அப்போது நீ சின்னப் பையன்.

ஈரோட்டுப் பெரியப்பா: என் பெயரை எங்கே போட்டிருக்கிறாய்?

திருச்சி சித்தப்பா: முதலில், அண்ணா. மகன்கள் வரிசையில் நீங்கள்தான் மூத்தவர்.

ஈரோட்டுப் பெரியப்பா: சரி. அந்த வரியைப் பற்றிச் சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் போடச் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கரூர் அத்தை: அம்மா தூங்குகிறார். எழுந்ததும் கேட்கிறேன்.

திருச்சி சித்தப்பா: ஏழு மணிக்கு அச்சகத்தை மூடிவிடுவார்கள், அக்கா.

கரூர் மாமா: இருநூறு இலை என்று சொல்லிவிடட்டுமா?